இல்லாத அறை

முதல் வேலையாக அவள் கண்ணாடிகளை மூடினாள். ஒப்பனை அறையில் இருந்தவை, கழிவறையில் இருந்தவை, மாடிப்படித் திருப்பத்தில் இருந்த ஒன்று. எல்லாவற்றின் மேலும் கறுப்புத் துணி.

"அளக்க வந்தியா, பேய் ஓட்ட வந்தியா?" என்றார் மேலாளர். காலையிலிருந்து அவள் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது.

"கண்ணாடி இருந்தா மெஷின் ஏமாந்துடும் சார். உள்ள தெரியறதையும் நிஜம்னு நினைச்சு, இல்லாத அறையை எல்லாம் அளந்து வச்சிடும்."

"இருக்கிற அறைக்கே வாடகைக்கு ஆள் வரல. இல்லாத அறை வேறயா?"

அவள் சிரிக்கவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

நகரத்தின் பொது அரங்கம் அது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாடகத்தின் நடுவே மேடையில் தீப்பிடித்தது. கூட்டம் பக்கவழியில் இருந்த அவசரக் கதவுக்கு ஓடியது. கதவு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. மிதிபட்டு இறந்தவர்களில் இரண்டு பேர் குழந்தைகள்.

சங்கிலி போட்டவன் காவலாளி, சாவியும் அவனிடம்தான் இருந்தது என்று மேலாளர் வாக்குமூலம் கொடுத்தார். காவலாளி சிறைக்குப் போனான். அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் சங்கிலி என்ற பொருளே இல்லை என்றும் அவர் சொல்லியிருந்தார். விசாரணைக் குழு கட்டடத்தை அப்படியே கணினியில் பார்க்க வேண்டும் என்றது. அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

ஸ்டாண்டின் மேல் இருந்த இயந்திரம் ஒவ்வோர் இடமாகச் சுழன்று, கண்ணில் பட்டதை எல்லாம் புள்ளிகளாகவும் படங்களாகவும் எடுத்துக்கொண்டது.

"பக்கவழியை இப்பவே முடிச்சிடறேன் சார்."

"அது கடைசியா."

மேடை முடிந்தது. பால்கனி முடிந்தது. அவள் மறுபடியும் பக்கவழி என்றாள்.

"கடைசின்னு சொன்னேன்ல? காதை என்ன வாடகைக்கு விட்டிருக்கியா? நாளைக்கு நிகழ்ச்சி இருக்கு. ஓசியில நுழையறவனைத் துரத்தறதுக்கே என் பொழுது போகுது. இதுல நீ வேற."

"அப்ப முன்கூடம் சார்."

முன்கூடத்தில் டிக்கெட் கவுண்டருக்கு எதிர்ச்சுவரில், தரையிலிருந்து உச்சிவரை ஒரு பெரிய கண்ணாடி. கூடத்தின் நடுவில் அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். மடித்த துணி ஒன்று அவள் தோளில் கிடந்தது.

"மெஷின் சுத்தி முடிக்கிற வரைக்கும் நாம யாரும் அதோட கண்ணுல படக்கூடாது சார். கொஞ்சம் மறைவா நில்லுங்க."

"என் கட்டடத்துல நான் ஒளிஞ்சு நிக்கணுமா?"

"பக்கவழிக்குள்ள போயிட்டீங்கன்னா போதும். கவுண்டர் மறைச்சிடும். இது முடிஞ்சதும் நானும் அங்கதான் வரப்போறேன்."

அவர் பக்கவழிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி, அவள் கேட்டதைவிட வேகமாகவே போனார்.

அவள் பொத்தானை அழுத்திவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றாள். இயந்திரம் மெதுவாகச் சுழன்றது. கண்ணாடிக்குள் இன்னோர் இயந்திரமும் சுழன்றது. பக்கவழியிலிருந்து இரும்பு உரசும் சத்தம் ஒரு முறை கேட்டது.

அவள் பக்கவழிக்கு வந்தபோது அவசரக் கதவு லேசாகத் திறந்திருந்தது. மேலாளர் அதை விரல் நுனியால் தள்ளிக் காட்டினார். நெற்றி வியர்த்திருந்தது.

"பாத்தியா? சின்னப் புள்ள தொட்டாலே திறக்கும். இதை நல்லா எடுத்துக்கோ. அந்தக் குடிகார வாட்ச்மேன் பயலுக்கு வாதாட வர்றவங்களும் பாக்கட்டும்."

"எடுத்துக்கறேன் சார்."

இயந்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியபோது அவர் குறுக்கே வந்து நின்றார்.

"எனக்குக் காட்டாம எதுவும் வெளிய போகக் கூடாது."

அவள் மடிக்கணினியைக் கவுண்டரின் மேல் வைத்துத் திறந்தாள். சாம்பல் நிறத்தில் அரங்கம் எழுந்து நின்றது. மேடை, பால்கனி, தூண்கள். அவள் அதைப் பொம்மை வீடு போலத் திருப்பிக் காட்டினாள். அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பிறகு அவர் விரலை நீட்டினார். "இது என்ன?"

முன்கூடத்துச் சுவருக்கு அப்பால், வெறும் தெரு இருக்க வேண்டிய இடத்தில், இன்னொரு கூடம் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கவுண்டர். அதன் ஓரத்தில் இடம் வலம் மாறிய ஒரு பக்கவழி. அதன் முடிவில் ஒரு கதவு. கதவின் குறுக்கே சங்கிலி. பூட்டில் சாவியை நுழைத்தபடி குனிந்து நிற்கும் ஒரு மனிதர். சட்டைக் கோடுகள்கூடத் தெரிந்தன.

மேலாளர் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"அழி இதை."

"எடுக்க எடுக்கவே விசாரணைக் குழுவுக்குப் போயிடும் சார். அவங்க கேட்டதே அப்படித்தான்."

அவர் கவுண்டரைக் கையால் அறைந்தார். கூடம் முழுக்க எதிரொலித்தது.

"இப்படி ஒரு அறையே இங்க கிடையாது! காலையில நீதானே சொன்னே, கண்ணாடியை மூடலேன்னா பொய்யா வரும்னு? எல்லாத்தையும் மூடிட்டு இவ்வளவு பெரிசா இருக்கிறதை மூட மறந்திருக்கே. உன் மறதிக்கு நான் உள்ள போகணுமா?"

அவள் தோளில் கிடந்த துணியை எடுத்துப் பையில் வைத்தாள்.

"மறக்கல சார்."