முதல் தாழ்ப்பாள்

"குழந்தைக்காகத்தான் இந்தத் தாழ்ப்பாளைக் கண்டுபிடிச்சீங்களா?"

சேலத்திலிருந்து வந்திருந்த பத்திரிகை நிருபர் ரஞ்சிதா இப்படிக் கேட்டதும், கதிர்வேல் பட்டறை மேசையைப் பார்த்தபடியே, "ஊட்டுக்கு வேணுமின்னு செஞ்சதுங்க" என்றான்.

பிள்ளைகளால் திறக்க முடியாத தாழ்ப்பாள் என்று ஜலகண்டாபுரத்துக் கடைக்காரர்கள்தான் அதற்குப் பேர் கட்டிவிட்டார்கள். அவன் மறுக்கவில்லை. அன்றிலிருந்து யார் பாராட்டினாலும் அவனுக்கு நிமிர்ந்து பார்த்துப் பேச வரவில்லை.

ரஞ்சிதா திறந்துகாட்டச் சொன்னாள். இரண்டு பக்கத்துக் குமிழ்களையும் ஒன்றாக அழுத்திக்கொண்டே மேலே தூக்கினான். அவளும் முயன்று, மூன்றாவது தடவையில் திறந்துவிட்டுச் சந்தோஷப்பட்டாள்.

குழந்தை அடிக்கடி வெளியே ஓடிவிடுமா என்று கேட்டாள். ஒருநாள் மேட்டூர் ரோட்டில் லாரிக்கு முன்னால் போய் நின்றதையும், டிரைவர் இறங்கி வந்து கண்டபடி திட்டியதையும் சொன்னான். அத்தனையும் நடந்ததுதான். ஆனாலும் அவள் அதை எழுதிக்கொள்வதைப் பார்க்கையில் உடம்பெல்லாம் கூசியது.

முதன்முதலில் செய்த தாழ்ப்பாளைப் படம் எடுக்க வேண்டும் என்றாள். அது வீட்டுக்குள்ளே, பின்னறைக் கதவில் இருந்தது. அங்கே வெளிச்சம் போதாது என்று சொல்லிப் பார்த்தான். அதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்திருந்தாள்.

பின்னறைக் கதவை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள்.

"இரு சாமி, வாரேன்." கதிர்வேல் அவசரமாகக் கதவை நோக்கி நடந்தான்.

"தூங்கி எழுந்தாச்சு போல" என்று சிரித்தாள் ரஞ்சிதா. அவன் எட்டித் தடுப்பதற்குள் குமிழ்களை அழுத்திக் கதவைத் திறந்துவிட்டாள்.

எழுபது வயதைத் தாண்டிய ஒருத்தி, சேலைத் தலைப்பு தரையில் இழுபட வெளியே வந்தாள்.

ரஞ்சிதா கேமராவைக் கீழே இறக்கினாள்.

"எங்கம்மாங்க" என்றான் கதிர்வேல், சுவரைப் பார்த்து. "ஞாபகமெல்லாம் தப்பிப் போச்சுங்க."

அம்மா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள்.

"ஏனுங்க, உங்களப் பாத்தா நல்லவராட்டம் தெரியுது. என்னை இப்படி அடைச்சு வெக்கறாங்கன்னு எம்பட பையன் கதிருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அவன் பொறுக்கமாட்டானுங்க."