கழன்று வர வேண்டும்

"விழுந்தா கால் தானா கழண்டுக்கணும். இது கழலவே மாட்டேங்குதே தம்பி," என்றார் கன்னியம்மாள்.

கரையான்சாவடி விளையாட்டுப் பொருள் கடையின் விற்பனையாளன் வசீம் குழம்பிப்போய் நின்றான். படகு இழுக்க நீரில் சறுக்கிப்போகும் வாட்டர் ஸ்கீ பலகையில் காலைப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் பைண்டிங்கில் இது மூன்றாவது ஜோடி. கன்னியம்மாளுடன் வந்திருந்த ராதிகாவின் கால் அளவுக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் பாதத்தை இழுத்தால் பாதியில் சிக்கியது.

"போன மாசம் இந்தப் பொண்ணு இப்டித்தான் மாட்டிக்கினு, கணுக்கால் பிசகி, நொண்டிக்கினு வந்துச்சு. வேற எடு."

"இதுக்கு மேல லூஸா போட்டா பலகையில நிக்கவே முடியாதும்மா."

வசீம் குனிந்து பார்த்தான்.

"அக்கா, உங்க மெட்டிதான் ரப்பர்ல மாட்டுது. கழட்டிட்டுப் போட்டுப் பாருங்க."

ராதிகா கன்னியம்மாளைப் பார்த்தாள். வசீம் குரலைத் தாழ்த்தினான்.

"உங்க பொண்ணு பயப்படுதும்மா. மாமியார் இன்னா சொல்லுவாங்களோன்னு யோசிக்குது போல. தண்ணியில எறங்கும்போது மட்டும் கழட்டி வச்சிட்டு, ஊட்டுக்குப் போறப்ப போட்டுக்கச் சொல்லுங்க. மாமியாருக்குத் தெரியவா போவுது?"

கன்னியம்மாள் தரையில் உட்கார்ந்தார். ராதிகாவின் கால்களை மடியில் எடுத்துவைத்து, மெட்டிகளைத் தானே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இப்ப போட்டு இழு."

கால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"மாமியாருக்குத் தெரிஞ்சிபோச்சு தம்பி," என்றார் கன்னியம்மாள். "பில்லு போடு."