மருதாளின் அடுக்கு

அறுபத்தெட்டாம் வருஷ மார்கழியில், பனியன் கம்பெனி மேனேஜர் கன்னையன், நூல் பிசிறு வெட்டும் மருதாளை வேலையை விட்டு நிறுத்தினார்.

"வேபாரிங்க வந்து போற எடமுங்க. அம்மைத் தழும்பும் நரையுமா முன்னால உக்காந்திருந்தா நல்லாவா இருக்குது?"

"பனியனுக்கு மூஞ்சி எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள் அவள்.

மூன்றாம் நாள் தாராபுரத்து வியாபாரி வந்து, அவள் கடைசியாக அடுக்கிய பனியன்களில் கை வைத்தார். "ஏனுங்க, போட்டுக் கழட்டுனதையா விக்கறீங்க?"

கன்னையனும் தொட்டார். கதகதவென்று இருந்தன. பக்கத்து அடுக்குகள் சில்லிட்டுக் கிடந்தன.

அது மருதாள் வெட்டி அடுக்கியது என்று அவர் சொன்னதும், "இந்தக் குளுருக்கு அந்தக் கை வெட்டுனதே வேணுமுங்க" என்றார் வியாபாரி. கன்னையனே போய் மருதாளைக் கூட்டி வந்தார்.

மறுநாள் காலை அவள் வெட்டி வைத்த பனியன்களில், கம்பெனியில் வேலை செய்யும் சின்னப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து குளிரில் விறைத்த கன்னத்தை வைத்து எடுத்தார்கள். கன்னையனும் கையை நீட்டினார்.

"வரிசையில வாங்க மேனேஜரே" என்றாள் ஒருத்தி.