வெள்ளை ஓக்கு

பழவேற்காடு ஏரிக்கரையில் கவிழ்த்துப்போட்ட படகின் வயிற்றில், வேணு மூன்று நாளாக அடித்த புதுப் பலகைகள் வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன. கப்பலில் வந்த பெட்டிகளை உடைத்து எடுத்த மரம் அது. ‘வெள்ளை ஓக்கு, சீமை மரம், தண்ணி ஏறாது’ என்று சொல்லி மீஞ்சூர்ப் பழைய சாமான் கடைக்காரன் தலையில் கட்டியது. படகு மிதந்தால் வேணுவின் மனைவி ஜமுனா இனி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்க வேண்டாம். ஆச்சாரி கன்னியப்பன், மிஞ்சிய சாண் துண்டின் ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, மறுமுனையில் வாய் வைத்து ஊதுகிறார். குமிழிகள் கிளம்புகின்றன. “ஓக்குல நூத்துக்கணக்குல ஜாதி கீது வேணு. வெள்ளை ஓக்குன்னா துளையெல்லாம் அடைச்சிருக்கும். இது சிவப்பு ஓக்கு. தண்ணிய உறிஞ்சும்.” “இன்னா ஆச்சாரி, வெள்ளையாத்தான கீது?” “என் மச்சான் பேரு கருப்பன். போய்ப் பாரு, செக்கச்செவேல்னு இருப்பான்.” வேணு துண்டைப் பிடுங்கித் தானே ஊதுகிறான். குமிழிகள் இன்னும் அதிகமாக வருகின்றன. “தாரு பூசினா?” “ரெண்டு மாசம் தாங்கும். அந்த ரெண்டு மாசம் நடு ஏரியில முடியும்.” வேணு, வலியெடுத்த தோளைத் தேய்த்துக்கொண்டு ஜமுனாவிடம் ஏதோ சொல்லத் திரும்புகிறான். அவள் அதற்குள் இறால் போடும் ஓலைப் பறியை எடுத்து, அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கிவிட்டாள். கயிறு வாயில் இருக்கும்வரை அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.