மூன்று மாதம் ஆகட்டும்

இரண்டு ஜோடிச் சப்பாத்துகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, எதைப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள் புஷ்பலதா.

ஈப்போவில் ஒரு பெரிய பேரங்காடி. அதில் வாசனைத் திரவியம் விற்கும் பெண்கள் உடை மாற்றும் அறை அது. கடை திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மற்றவர்கள் உதட்டுச் சாயம் பூசி முடித்துப் போய்விட்டார்கள்.

ஒரு ஜோடி, கம்பெனி போடச் சொன்ன கறுப்பு ஹீல்ஸ். பார்க்க அழகுதான். நாள் முழுக்க நின்றால் குதிகாலிலிருந்து இடுப்புவரை உயிர் போகும். இன்னொன்று பசாரில் வாங்கிய தட்டைச் சப்பாத்து. கண்கொண்டு பார்க்க முடியாது. ஆனால் போட்டால் கழற்ற மனம் வராது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறதே! அவளுக்கு இது ஒன்பதாவது வாரம்.

நேற்று சாயங்காலம் குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பார்த்தால், உள்ளாடையில் ஒரு பொட்டு இரத்தம். அலறியடித்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். ஆனால் அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி அவள் காலில் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திட்டித் தீர்த்துவிட்டார். இனி இந்த ஹீல்ஸைத் தொடவே கூடாது என்றார்.

சூப்பர்வைசர் ஜோவானிடம் போய், நான் முழுகாமல் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தட்டையைப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக்கூடாது.

மூன்று மாதம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்பது மாமியார் காளியம்மாவின் உத்தரவு. சிலிம் ரிவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பதில் அவரிடம் மறுபேச்சே கிடையாது. மருமகள் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்ட பிறகுதான் உள்ளே விடுவார்.

போன வருடம் புஷ்பலதா சந்தோஷம் தாங்காமல் ஊருக்கெல்லாம் சொன்னாள். கேக் வெட்டி வாட்ஸ்அப்பில் படம் போட்டாள். இரண்டே வாரத்தில் எல்லாம் போயிற்று. காளியம்மா ஒன்றும் திட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "வாய கொஞ்சம் அடக்கி வெச்சிருக்கலாம்லா" என்று மட்டும் சொன்னார்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவர் சொன்னது ஒன்றும் புஷ்பலதாவின் மனதில் ஏறவில்லை. இந்தத் தடவை அவள் தன்னைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை.

காலையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்ட புருஷன் ஷர்வின், பார்த்து இருந்துகொள் என்றான். எதைப் பார்த்து என்று அவனுக்கும் தெரியவில்லை, பாவம்.

கால் வலி என்று சொல்லிப் பார்க்கலாமா? போன மாதம் அப்படிச் சொன்ன வலேரியை, ஜோவான் கவுண்டரிலிருந்து தூக்கி ஸ்டோரில் போட்டாள். அங்கே காலை முதல் மாலைவரை பெட்டி சுமக்க வேண்டும். ஹீல்ஸுக்குத் தப்பிப் பெட்டியிடம் மாட்டிக்கொள்வதா! நல்ல கூத்து.

சரி, இன்று ஒரு நாள் ஹீல்ஸ், நாளைக்கு லீவு கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு காலை உள்ளே நுழைத்தாள். அடிவயிறு சுரீரென்றது. உண்மையாகவே வலித்ததா, பயத்தில் வலித்ததா என்று தெரியவில்லை. உதறி எறிந்தாள். தட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வருவது வரட்டும்.

கதவருகே ஜோவான் நின்றுகொண்டிருந்தாள்.

ஐம்பதை நெருங்குகிறவள். அவள் ஹீல்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டாலே பெண்கள் நிமிர்ந்து நிற்பார்கள். இன்று அந்தச் சத்தம்கூடப் புஷ்பலதாவின் காதில் விழவில்லை.

ஜோவானின் பார்வை முதலில் தட்டைச் சப்பாத்துக்குப் போனது. அப்புறம் மெல்ல மேலே ஏறி, புஷ்பலதாவின் கையில் நின்றது. கை அடிவயிற்றில் இருந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"முழுகாம இருக்கியா?"

"ஐயோ, இல்லக்கா!"

சட்டென்று வந்துவிட்டது. சொல்லாமல் இருப்பது வேறு. இல்லை என்று வாய்விட்டுச் சொல்வது வேறு அல்லவா? உள்ளே இருக்கும் பிஞ்சுக்குக் கேட்டிருக்குமோ? கேட்டுவிட்டு, சரி, அம்மாவே இல்லையென்கிறாள் என்று போய்விட்டால்?

கண் கலங்கக் குனிந்து, எறிந்த ஹீல்ஸைத் தேடி எடுத்தாள்.

ஜோவான் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நானும் இப்படித்தான் இல்லன்னு சொன்னேன். இதே ரூம்லதான்லா. மூணு மாசம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு ஹீல்ஸ மாட்டிக்கிட்டுப் போயி நின்னேன். மூணு மாசம் ஆனப்ப சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு."

வெளியே, கடை திறக்கும்போது போடும் இசை ஆரம்பித்தது. ஜோவான் ஹீல்ஸைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

இனிமேல் அவள் ஒன்றும் கேட்கப்போவதில்லை. புஷ்பலதா தட்டையோடு கவுண்டருக்குப் போய்விடலாம். மாமியாரின் உத்தரவும் மீறாமல் இருக்கும். ஆனால் இல்லை என்று சொன்னது அப்படியே நிற்கிறதே! அதை யார் போய்த் திருத்துவது?

"இருக்குக்கா" என்றாள்.

ஜோவானைப் பார்த்துச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, உள்ளே கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.