ஒன்பதாவது ஜிபி

“கழிச்சிட்டேன் சார்.”

“என்னத்தைக் கழிச்சீங்க?”

“ஒரு ஜிபியை.”

நேர்முகத் தேர்வு அறையில் எதிரே இருந்த தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ஆபீசில் அவருக்குப் பட்டாசு என்று பெயர். கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளான கெர்னல் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. தப்பைக் கண்டால் சும்மா இருக்கவும் அவரால் முடியாது.

“நீங்க சமாளிச்சதுலயே கஷ்டமான பிரச்சினையைத்தானே கேட்டேன்? முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா.”

வேலை கேட்டு வந்திருந்த அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

“ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள்ள பத்து மெய்நிகர் கம்ப்யூட்டர் ஓடுது சார். ஒவ்வொண்ணுக்கும் எட்டு ஜிபி மெமரி பிரிச்சுக் கொடுத்திருக்கோம். ஆனா உள்ளே இருக்கிற கெர்னல், தனக்கு ஒன்பது இருக்குன்னு நினைச்சுக்குது. இல்லாத இடத்துல எழுதப் போய்ப் படுத்துடுது. அதான், வர்ற கணக்குல ஒண்ணைக் கழிச்சிட்டேன்.”

“சரி, ரெண்டு ஜிபி கொடுத்தா?”

“அதுலயும் ஒண்ணைக் கழிச்சிடலாம் சார்.”

பட்டாசு வெடித்தது. நாற்காலி பின்னால் உருள, எழுந்து போய் போர்டில் கோடு போட்டார்.

“மெமரி துண்டு துண்டா வரும்மா! நடுவுல ஒரு ஜிபி, மத்த கருவிகளுக்குன்னு விட்ட வெத்து இடம். ரெண்டு ஜிபின்னா அதுவரைக்கும் போகவே போகாது, அங்கே எதுக்குக் கழிக்கணும்? உங்க கெர்னல் கடைசி முகவரியைப் பார்த்துட்டு ஒன்பதுங்குது. தெருவுல கடைசி வீட்டு நம்பர் ஒன்பதுன்னா, ஒன்பது வீடு இருக்குன்னு அர்த்தமா? நடுவுல காலி மனை இருக்கக் கூடாதா?”

“அப்போ துண்டுகளைக் கூட்டணுமா சார்?”

“எங்கே கூட்டணும்கிறதுதான் விஷயமே!”

கெர்னல் கண் விழிக்கும்போதே எந்த இடத்தில் கூட்ட வேண்டும் என்று, மளமளவெனப் பத்து வரி எழுதினார்.

“கடைசித் துண்டு அரைகுறையா முடிஞ்சா?” அவள் பச்சைப் பிள்ளைபோல் கேட்டாள்.

“அந்த அரைகுறையை விட்டுடணும். இதுகூடவா தெரியாது?” இன்னும் இரண்டு வரி விழுந்தது.

போர்டு நிரம்பியதும் அவர் கோபமும் தணிந்தது. “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த வேலைக்கு நீங்க சரிப்பட மாட்டீங்க.”

“பரவாயில்லை சார். நிறையக் கத்துக்கிட்டேன்.”

தலைகுனிந்து வெளியே வந்தவளைப் பார்த்து, “அடுத்த தடவை கிடைக்கும், கவலைப்படாதீங்க” என்று வரவேற்பறைப் பெண் ஆறுதல் சொன்னாள்.

தெருமுனை திரும்பியதும் அவள் போனை எடுத்தாள்.

“மேடம், மூணு வாரமா நம்ம டீமே மண்டையை உடைச்சுக்கிட்ட அந்த ஒன்பது ஜிபி கோளாறு தீர்ந்தது! நாலு மெயில் போட்டும் பதில் போடாத மனுஷன், நான் வேணும்னே தப்பாச் சொன்னதும் போர்டு நிறைய எழுதிக் காட்டிட்டார். வேலையா? நல்லவேளை, கொடுக்கலை. நாளைக்கு வழக்கம்போல நம்ம ஆபீசுக்கே வந்துடறேன்.”