அதிகம் தழைத்த செடி

சுராபாயா நகர அலுவலகச் சுவரில் அந்தத் திரையை வைத்தவள் வெனிங். திரையில் ஆளுக்கொரு செடி. அவரவர் மேசையில் மின்சாரம் மிச்சமானால் செடி தழைக்கும், வீணானால் வாடும். யாரையும் கண்டிக்காமலே பழக்கத்தை மாற்றலாம் என்று அவள் நம்பினாள். நம்பியபடியே நடந்தது.

மூன்று மாதம் கழித்து, அதிகம் தழைத்த செடிக்கான முதல் பரிசு ஹர்யாத்திக்குக் கிடைத்தது. ஏற்றுமதிப் பிரிவில் இருபது வருடமாக இருப்பவள். மேலாளர் ஹெந்தார்தோ கைகுலுக்கிப் பரிசைக் கொடுத்தார்.

"அக்கா செடி வளர்க்கல, காடே வளர்த்துட்டாங்க," என்று கூட்டத்தில் ஒருவன் சீண்டினான். ஹர்யாத்தி சிரித்து வைத்தாள்.

அவள் வழியை எல்லோருக்கும் சொல்லித்தரலாமே என்று வெனிங் குறிப்பேட்டோடு அவளுடைய மேசைக்குப் போனாள்.

"காலையில கம்ப்யூட்டரை எத்தன மணிக்குப் போடுவீங்கக்கா?"

"போடறதே இல்லம்மா."

"அப்போ வேலை?"

ஹர்யாத்தி மேலாளர் அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "உன் திரை வர்றதுக்கு முன்னாடியே என் வேலையெல்லாம் வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அவங்களா வேலைய விட்டு நிறுத்தினா சட்டம் கேள்வி கேக்கும். நானா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போகணும்னு சும்மா உக்கார வச்சிருக்காங்க. சும்மா இருக்கறவளுக்கு விளக்கு எதுக்கு?"

வெனிங் குறிப்பேட்டை மூடினாள். "யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"யாரு கேட்டா? இத்தன நாள்ல இந்த மேசைக்கு வந்து பேசின மொத ஆளு நீதான்," என்றாள் ஹர்யாத்தி. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அவசரம் இல்லன்னா, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயேம்மா."